ஏற்காட்டுக் குளிர் போதுமா? ஏஐ டேட்டா சென்டர் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சேலத்தில் டேட்டா சென்டர் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "வெயில் கொளுத்துற ஊர்ல எதுக்கு வைக்கணும்? மேலே ஏற்காட்டுல வெச்சா ஏசி கரண்ட் மிச்சமாகுமே?" நியாயமான கேள்வி. பழைய டேட்டா சென்டராக இருந்தால் இதற்குப் பாதி ஆமாம் என்று சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ வேலைகளுக்கென்று கட்டும் டேட்டா சென்டரில் பதில் வேறு. அது ஏன் வேறு என்று பிடிபட்டுவிட்டால், இந்தக் கட்டடங்கள் எப்படி இயங்குகின்றன என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் பழைய வகையைப் பார்த்துவிடுவோம். நீங்கள் போனில் பணம் அனுப்பும்போதும் ரயில் டிக்கெட் எடுக்கும்போதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் பதில் சொல்கிறது. அந்தக் கட்டடம்தான் டேட்டா சென்டர். உள்ளே ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றை ரேக் என்பார்கள். ஒவ்வொரு ரேக்கிலும் அந்தக் கம்ப்யூட்டர்கள், அதாவது சர்வர்கள், தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு ரேக் இழுக்கும் மின்சாரம் பொதுவாக 5 முதல் 10 கிலோவாட். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும் என்பதை வைத்து அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் அடிப்படை விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். சர்வர் இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 10 கிலோவாட் உள்ளே போனால் 10 கிலோவாட் சூட்டை வெளியே எடுத்தாக வேண்டும். பழைய வகையில் இதற்குக் காற்றே போதும். ரேக்கின் முன்பக்கம் குளிர்ந்த காற்று, பின்பக்கம் சூடான காற்று, இரண்டும் கலக்காதபடி தடுப்பு. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கிறது. இந்த வகைக் கட்டடத்துக்குக் குளிர்ந்த ஊர் உண்மையிலேயே லாபம்.

ஒரே ரேக்கில் 120 கிலோவாட்

ஏஐ வேலை என்பது உள்ளே பார்த்தால் கோடிக்கணக்கான பெருக்கல், கூட்டல். அவற்றை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யத் தெரிந்த சிப் ஜிபியு. என்விடியா நிறுவனத்தின் ஜிபியுக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2017இல் வந்த வி100 அதிகபட்சம் 300 வாட் இழுத்தது. 2020இல் ஏ100, 400 வாட். 2022இல் ஹெச்100, 700 வாட். அடுத்த தலைமுறை 1000 வாட்டைத் தொட்டுவிட்டது. ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம், உள்ளங்கை அளவு சிப்பில்.

அது மட்டுமில்லை. ஜிபி200 என்விஎல்72 என்ற அமைப்பில் இப்படிப்பட்ட 72 ஜிபியுக்களை ஒரே ரேக்கில் அடைத்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 120 கிலோவாட். எடை ஏறக்குறைய 1.3 டன்.

இவ்வளவு நெருக்கி அடைப்பானேன், நான்கு ரேக்கில் பரப்பி வைத்தால் சூடும் பரவுமே என்று தோன்றும். நான் இந்தத் துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கும் புரியாத இடம் இதுதான். விடை கேபிளில் இருக்கிறது. இந்த 72 ஜிபியுக்களும் ஒரே பெரிய ஜிபியு போல நடந்துகொள்ள வேண்டுமானால், ஒன்றோடொன்று மிக வேகமாகப் பேச வேண்டும். அந்த வேகத்தில் செம்புக் கம்பி ஓரிரு மீட்டர்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் சிக்னல் தேய்ந்துவிடும். தூரம் போக வேண்டுமென்றால் ஒளியிழை வேண்டும். ஒளியிழையின் இரு முனையிலும் மின்சாரத்தை ஒளியாக்கவும் ஒளியை மின்சாரமாக்கவும் கருவிகள் வேண்டும். அவை தனியாகக் கரண்ட் தின்னும். அந்த ஒரு ரேக்கில் ஒளியிழை போட்டிருந்தால் கூடுதலாக 20 கிலோவாட் ஆகியிருக்கும் என்று 2024இல் அதை அறிமுகம் செய்தபோது நிறுவனம் சொன்னது. அதனால் 5000க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்களைப் போட்டு, எல்லாவற்றையும் ஓர் அலமாரிக்குள் நெருக்கிவிட்டார்கள். ஆக, சூட்டுப் பிரச்சினையின் வேர் கேபிளின் நீளத்தில் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டரில் நெட்வொர்க், மின்சாரம், குளிர்விப்பு மூன்றையும் தனித்தனி ஆட்கள் தனித்தனியாக வரைய முடியாமல் போனது இதனால்தான்.

காற்று தோற்கும் இடம்

120 கிலோவாட் சூட்டைக் காற்றால் எடுக்க முடியுமா என்று ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 12 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒரு விநாடிக்கு எட்டு கன மீட்டருக்கும் மேல் காற்று அந்த ஓர் அலமாரி வழியாகப் போக வேண்டும். 60 சென்டிமீட்டர் அகல அலமாரிக்குள் அது புயல். போதாததற்கு, விசிறி வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். ஒரு கட்டத்துக்கு மேல் சர்வருக்குச் செலவாவதைவிட அதற்கு விசிறுவதற்கே செலவாகும் போலிருக்கும்.

அதே 120 கிலோவாட்டைத் தண்ணீரால் எடுக்க, 10 டிகிரி வித்தியாசத்தில், நிமிடத்துக்கு 170 லிட்டர் ஓடினால் போதும். கையில் பிடிக்கக்கூடிய குழாய்க்குள் அடங்கிவிடும். ஒரே கன அளவில் தண்ணீர் சுமக்கும் சூடு காற்று சுமப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். வேறு காரணமே தேவையில்லை.

இதை எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு ஜிபியுவின் தலைமேலும் செம்பில் செய்த ஒரு தட்டு உட்காரும். உள்ளே தலைமுடித் தடிமனுக்குப் பொடிப்பொடிக் கால்வாய்கள். அவற்றின் வழியே திரவம் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும். இந்தத் திரவம் வெறும் தண்ணீர் இல்லை. பாசி, துரு பிடிக்காமலிருக்கக் கிளைகால் என்ற ரசாயனம் கலந்திருப்பார்கள். ரேக்குகளுக்குள் ஓடுவது ஒரு சுற்று. கட்டடத்துக்கு வெளியே சூட்டைக் கொண்டுபோவது இன்னொரு சுற்று. இரண்டும் கலக்காது. நடுவில் சிடியு என்ற கருவி ஒன்றிலிருந்து மற்றதற்குச் சூட்டை மாற்றிக் கொடுக்கும். சிப்பைத் தவிர மற்ற சில்லறைப் பாகங்களின் சூடு, மொத்தத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, இன்னமும் காற்றுக்குத்தான் போகும். அதனால் ஏசி முழுதாக ஒழிந்துவிடவில்லை.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். ஜிபியு வேலை செய்யும்போது தன் உள்ளே 70, 80 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். அதன் மேல் தட்டு நேரடியாக ஒட்டியிருப்பதால் உள்ளே அனுப்பும் திரவம் சில்லென்று இருக்க வேண்டியதில்லை. 30 டிகிரி, 40 டிகிரி கூடப் போதும். ஆஷ்ரேயின் திரவக் குளிர்விப்பு வகைப்பாட்டில் 45 டிகிரித் தண்ணீருக்கே ஒரு வகுப்பு உண்டு. கையில் பட்டால் வெந்நீர் என்று சொல்லும் அளவு. பதினெட்டு டிகிரிக் குளிர்காற்றைத் தயாரிக்க கம்ப்ரசர் ஓட வேண்டும். 40 டிகிரித் தண்ணீரைத் தயாரிக்க வெளிக்காற்றும் விசிறியுமே வருடத்தின் பெரும்பகுதிக்குப் போதும். ஊர் குளிராக இருப்பதால் வரும் லாபம் இப்படித்தான் சுருங்கிவிட்டது.

மலைக்கு இன்னொரு பாதகமும் உண்டு, பலரும் யோசிக்காதது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர். அங்கே காற்று மெல்லிசு. அதே வெப்பநிலையில் கீழே இருப்பதைவிட 15 சதவீதம் அடர்த்தி குறைவு. மெல்லிசான காற்று சூட்டையும் குறைவாகத்தான் சுமக்கும். அதனால்தான் ஆஷ்ரே, சாதாரண சர்வர் வகைகளுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் உச்ச வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்கச் சொல்கிறது. ஏற்காட்டுக்குக் கணக்கிட்டால் இரண்டு டிகிரி. மலைக்குளிரால் கிடைப்பதை ஒப்பிட்டால் இது சின்ன இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1.3 டன் ரேக்குகளையும் டிரான்ஸ்பார்மர்களையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி, மெகாவாட் கணக்கில் மின்பாதையைக் காப்பித் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இழுத்து, மழைக்காலத்தில் பாறை சரிந்தால் மாற்றுப் பாதை தேடி... இவ்வளவும் எதற்கு? கம்ப்ரசர் தேவைப்படாத ஒரு வேலைக்கு. சேர்வராயன் மலையை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். அடிவாரமே போதும்.

தண்ணீரா, மின்சாரமா?

அடிவாரத்தில் வைத்தால் உண்மையான கேள்வி வேறு. சித்திரை வைகாசியில் சேலம் 40 டிகிரியைத் தாண்டும். வெளியே 40, நமக்கு வேண்டிய தண்ணீரும் 40 என்றால் விசிறி மட்டும் போதாது. அப்போது இரண்டு வழி.

முதல் வழி, கூலிங் டவர். சூடான தண்ணீரைத் தூவிக் காற்றில் விட்டால் ஒரு பங்கு ஆவியாகும். ஆவியாகும்போது மீதித் தண்ணீரைக் குளிர்வித்துவிட்டுப் போகும். இது எவ்வளவு கீழே இறங்கும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுதான் எல்லை. பாடப்புத்தகத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று படித்திருப்பீர்கள். 40 டிகிரி வெயில், 25 சதவீத ஈரப்பதம் என்றால் அது சுமார் 24 டிகிரி. காய்ந்த வெயில் அடிக்கிற சேலத்துக்கு, கசகசக்கும் சென்னையைவிட இந்த முறை நன்றாகவே ஒத்துவரும்.

ஆனால் விலை தண்ணீர். ஒரு மெகாவாட், அதாவது ஆயிரம் கிலோவாட், சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கியே தள்ளினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 35,000 லிட்டர் காற்றில் போய்விடும். பத்து மெகாவாட் என்றால் மூன்றரை லட்சம் லிட்டர். நம் நாட்டில் நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும் அளவு. அதன்படி 2600 பேரின் தண்ணீர். உப்பு சேர்ந்துவிடாமல் அவ்வப்போது திறந்துவிடும் தண்ணீர் இதற்கு மேல். சேலத்துக்காரர்கள் குடிப்பது மேட்டூர்த் தண்ணீர். அணையில் மட்டம் இறங்கும் கோடையில்தான் கூலிங் டவருக்கும் தாகம் அதிகமாக எடுக்கும்.

இரண்டாவது வழி, மூடிய சுற்று. தண்ணீர் ஆவியாகாது, காரின் ரேடியேட்டர் மாதிரி விசிறிக் காற்றில் ஆறும். அதிக வெயிலில் மட்டும் கம்ப்ரசர் கைகொடுக்கும். தண்ணீர்ச் செலவு கிட்டத்தட்ட இல்லை. மின்சாரச் செலவு கூடும், முதலீடும் கூடும். என்னைக் கேட்டால் சேலம் மாதிரி ஊரில் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரத்தைக் காற்றாலையிலும் சூரியத் தகட்டிலும் கூடுதலாகத் தயாரிக்கலாம். காவிரியைத் தயாரிக்க முடியாது. டவர்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், சுத்திகரித்த கழிவுநீரை வைத்து ஓட்டட்டும்.

இங்கே பியூஇ என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், விளம்பரங்களில் அடிக்கடி வரும். கட்டடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, கம்ப்யூட்டர்கள் மட்டும் இழுப்பதால் வகுத்தால் வருவது பியூஇ. 1.5 என்றால் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரை யூனிட் உபரிச் செலவு. ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வருக்குள்ளே இருக்கும் விசிறியின் மின்சாரம் கம்ப்யூட்டர் கணக்கில்தான் சேரும். திரவக் குளிர்விப்பு வந்து அந்த விசிறிகளைக் கழற்றிவிட்டால் மொத்தக் கரண்ட் குறையும். வகுக்கும் எண்ணும் குறைவதால் பியூஇ அந்த அளவுக்கு நல்லதாகத் தெரியாது. பியூஇயை மட்டும் வைத்து இரண்டு டேட்டா சென்டர்களை ஒப்பிடாதீர்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்றாக இழுக்கும், ஒன்றாக நிற்கும்

அப்புறம், மின்சாரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற ஊரில் எழுப்பும் ஏஐ வளாகத்தின் திட்ட அளவு 1.2 கிகாவாட், அதாவது 1200 மெகாவாட். நம் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் எல்லா யூனிட்டுகளும் சேர்ந்தே 1440 மெகாவாட்தான். அளவைவிடப் பெரிய தலைவலி ஏற்ற இறக்கம்.

கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லும் ஏஐயான பெரிய மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) ஒன்றைப் பயிற்றுவிக்கும்போது ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் தேர் வடம் பிடிப்பது போல ஒரே நேரத்தில் இழுக்கும். ஒரு சுற்றுக் கணக்கு முடிந்ததும் எல்லாம் நின்று, விடைகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொண்டு, அடுத்த சுற்றுக்கு மறுபடி ஒரே மூச்சாக இழுக்கும். கணக்குப் போடும்போது முழு மின்சாரம், பகிரும்போது குறைவு. ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்யும்போது பல மெகாவாட் கணக்கில், விநாடிக்கும் குறைவான நேரத்தில், ஏறி இறங்கும். வங்கி, ரயில்வே சர்வர்களில் இப்படி நடக்காது. ஒரு சர்வருக்கு வேலை குறைந்தால் இன்னொன்றுக்குக் கூடிச் சமமாகிவிடும். இந்த ஆட்டத்தை அப்படியே மின்கட்டமைப்பின் மேல் விட்டால் ஜெனரேட்டர்களும் டிரான்ஸ்பார்மர்களும் தாங்காது. அதனால் பேட்டரியும் கெபாசிட்டரும் ரேக்குக்குப் பக்கத்திலேயே வந்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகின்றன.

ரேக்குக்குள் மின்சாரம் போகும் விதமும் மாறுகிறது. இப்போது உள்ளே சுமார் 54 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி). 120 கிலோவாட்டை 54ஆல் வகுங்கள்: 2200 ஆம்பியருக்கு மேல். அதைச் சுமக்கச் செம்புப் பட்டைகளே கைத் தடிமனுக்கு வேண்டியிருக்கும். 800 வோல்ட்டில் கொடுத்தால் அதே வேலைக்கு 150 ஆம்பியர் போதும். 2027 வாக்கில் 800 வோல்ட்டுக்கு மாறும் திட்டத்தை என்விடியா அறிவித்திருப்பதன் பின்னால் இருப்பது இந்த எளிய வகுத்தல்தான்.

பயிற்சி ஒரு வகை வேலை என்றால், பயிற்சி முடிந்த ஏஐயிடம் நாம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது இன்னொரு வகை. அதற்கு மக்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்பார்கள். கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையிலிருந்து சேலம் சுமார் 340 கிலோமீட்டர். ஒளியிழையில் போய்வர நான்கு மில்லிவிநாடிக்குள் அடங்கும். பதிலை யோசிக்கவே ஏஐ அதைப்போலப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால், தூரம் சேலத்துக்கு ஒரு குறையே இல்லை.

இயக்குவது எப்படி மாறுகிறது

மெட்டா நிறுவனம் தன் லாமா 3 மாதிரியைப் பயிற்றுவித்த அனுபவத்தை 2024இல் வெளியிட்டது. 16,384 ஹெச்100 ஜிபியுக்கள், 54 நாட்கள். அதற்குள் எதிர்பாராத நிறுத்தங்கள் மட்டும் 419. ஒரு நாளைக்கு ஏழெட்டு. பாதிக்கும் மேல் ஜிபியுவாலும் அதன் நினைவகத்தாலும் வந்தவை. மதிய நேரத்து வெப்பத்தால் வேகம் ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்கியதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். வடம் பிடித்த ஒருவர் தடுமாறினாலும் தேர் நிற்கத்தான் செய்யும். அதனால் "எதுவும் பழுதாகாது" என்ற நம்பிக்கையில் இதை இயக்க முடியாது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை அதுவரை கற்றதைச் சேமித்து வைத்து, பழுதான சர்வரை ஒதுக்கி, வேறொன்றைச் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது அன்றாட வேலையாகிவிட்டது.

குழாய் வேலையும் அப்படித்தான். காற்றில் குளிரும் அறையில் ஏசி நின்றால் சில நிமிடமாவது கிடைக்கும். திரவம் ஓடும் ரேக்கில் பம்ப் நின்றால் சில விநாடிகளில் சிப்கள் சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். ஆகவே பம்புகளுக்கும் யூபிஎஸ் இணைப்பு கட்டாயம். புதுக் குழாய் போட்டதும் வெல்டிங் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் பலமுறை அலசி, வடிகட்டி வைத்துத்தான் ரேக்கோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொடிக் கால்வாய்கள் அடைத்துக்கொள்ளும். திரவத்தின் அமிலத்தன்மையையும் கிளைகால் அளவையும் தவறாமல் சோதிக்க ஆள் வேண்டும். பைப் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. ஐடிஐ, டிப்ளமோ படிக்கிற தம்பி தங்கைகள் ஏஐ என்றதும் "அது சாப்ட்வேர்க்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுங்க வேண்டாம்.

கல்லூரி லேபில் ஜிபியு பொருத்திய கம்ப்யூட்டர் இருந்தால் இவற்றில் சிலவற்றை நீங்களே பார்க்கலாம். என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை அதன் வெப்பநிலையையும், இழுக்கும் வாட்டையும் காட்டும். ஏதாவது ஒரு சின்ன மாதிரியைப் பயிற்சிக்குப் போட்டுவிட்டு, அந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு லேப் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, மின் உச்சவரம்பைக் கால் பங்கு குறைத்து அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலான வேலைகளில் வேகம் கால் பங்கு குறையாது. அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். எந்த அளவில் வைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிக வேலை நடக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். பெரிய டேட்டா சென்டர்களிலும் மின்சாரம் பற்றாத நேரத்தில் இதே உச்சவரம்பைத்தான் ஏற்றி இறக்குகிறார்கள்.